வேலைக்குப் போன சான்றிதழ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கல்லாவுக்கு மேலே வரிசையாகப் படங்கள்: முருகன், லட்சுமி, முதலாளி சுயம்புலிங்கத்தின் காலஞ்சென்ற தகப்பனார். நாலாவதாக, அதே அளவுச் சட்டத்தில், ஒரு மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ். பெயர் சுமையா. தகப்பனார் பெயர் ஜமால் முகமது. ஆயுத பூஜையன்று மற்ற படங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது சுயம்புலிங்கம் இதற்கும் வைத்துவிடுவார். அவர் வேறுபாடு பார்க்காதவர். கடையைக் காப்பாற்றுகிறவர்கள் நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே மரியாதை.

மருந்துக்கடை நடத்த வேண்டுமானால், மருந்தியல் படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருக்க வேண்டும், அவர் கண் பார்வையில்தான் மாத்திரை கைமாற வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். படித்தவரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவருடைய சான்றிதழை மட்டும் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் ஆட்கள் கண்டுபிடித்தது. சாமியானா வாடகைக்கு எடுப்பதில்லையா, அது போல. ஆறு வருடம் சுமையாவின் சான்றிதழ் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தது. சுமையா ராஜபாளையத்தில் வீட்டில் இருந்தாள்.

அவள் மருந்து படித்ததற்குக் காரணம் அவளுடைய அத்தா. ஜமால் முகமது நூற்பாலையில் பஞ்சு உடைக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனார். நுரையீரலில் படிந்த தூசிக்கு ஆலையில் யாரும் பொறுப்பு ஏற்கவில்லை. பீடி குடித்திருப்பார் என்றார்கள். அவர் பீடியைத் தொட்டதில்லை.

வீட்டில் மருந்து அட்டைகள் இறைந்து கிடக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும்போதே சுமையா அவற்றைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும் எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "அத்தா, பெருசா போட்டிருக்கது கம்பெனிக்காரன் வச்ச பேரு. மருந்தோட பேரு இந்தா பொடிசா இருக்கு பாருங்க" என்று அவளாகவே ஒரு நாள் கண்டுபிடித்துச் சொன்னாள். ஜமால் அதை ஆலை முழுக்கச் சொல்லித் திரிந்தார். பிளஸ் டூ முடிந்ததும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு மாப்பிள்ளையோடு வந்தார்கள். "அவ மருந்துக்குப் படிக்கப் போறா. மாப்பிள்ளை எங்கயும் ஓடிப் போயிர மாட்டான்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். மதுரையில் இரண்டு வருடம் டி.ஃபார்ம். வகுப்பில் இரண்டாவதாக வந்தாள்.

ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் முதல் வேலை. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று மேலாளர் கேட்டார். "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்றாள். வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காய்கறிக்காரியிடம் கால் கிலோ கத்தரிக்காய்க்கு நாலு முறை விலை பேசுகிற குடும்பங்கள், தங்கள் பெண்ணின் இரண்டு வருடப் படிப்புக்கு விலை சொல்லும் உரிமையை மட்டும் எதிராளிக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதற்கு அடக்கம் என்று பெயர். மேலாளர் பார்த்துத்தான் கொடுத்தார். வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு எவ்வளவோ அதே சம்பளம். எட்டு மாதம் வேலை பார்த்தாள். அதற்குள் சாதிக் பாட்சாவோடு கல்யாணம். அவன் இரு சக்கர வாகனப் பட்டறையில் மெக்கானிக். வயிற்றில் ஷிஃபா வந்ததும் வேலையை விட்டாள்.

மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த சாதிக்கின் தம்பி ஆபித்தான் ஒரு நாள் வந்து சொன்னான்.

"மதினி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அண்ணாச்சி கடை தொறக்காரு. நீங்க வர வேண்டாம். சர்ட்டிபிகேட் மட்டும் வந்தாப் போதும். மாசம் நாலாயிரம்."

"நான் போவாம எப்படி?"

"எல்லாரும் அப்படித்தான் மதினி செய்யுதாவ. இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு மட்டும் போயி நின்னாப் போதும்."

கைக்குழந்தைக்காரிக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. அத்தாவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் போய் மதியம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். ஊரின் இன்னொரு கோடியில் மகனோடு இருந்த ஜமால் சாயங்காலம் போன் போடுவார். "வேலை எப்படிப் போவுது தாயி?" "நல்லாப் போவுதுத்தா."

ஆய்வுக்கு அதிகாரி கிளம்பினால் அவர் ஏறும் முதல் கடையிலிருந்தே மற்ற கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். "மழை வருது." அவ்வளவுதான். சுயம்புலிங்கம் உடனே போன் செய்வார், சுமையா பஸ் ஏறுவாள். கடையில் அவளுக்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்டு பாலிதீன் உறையில் இருக்கும். மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பாள். அதிகாரி வந்து பெயர் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கோட்டு மறுபடி உறைக்குள் போகும். வருடத்தில் ஒரு நாள், சில வருடம் இரண்டு நாள்.

ஷிஃபா ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு, சில மாதங்களுக்கு முன்பு, சுமையா ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் ஒரு அம்மாள் காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பதிவு நம்பர்ல ஸ்ரீவில்லிபுத்தூர் கடை ஒண்ணு லைசென்ஸ் வாங்கியிருக்கே. ஆறு வருஷமா அங்கதான் வேலை பாக்குறீங்களா?"

சுமையாவுக்குப் பொய் வாயில் வந்து நின்றது. ஆமாம் என்றால் ஆறு வருட அனுபவம், வேலை கிடைத்துவிடும்.

"சர்ட்டிபிகேட்தான் மேடம் பாக்குது. நான் பாக்கல."

"அப்ப சர்ட்டிபிகேட்டயே இன்டர்வியூவுக்கு அனுப்பியிருக்கலாமே" என்று அந்த அம்மாள் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். "அங்கேருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிட்டு வாங்க, பாப்போம். ஆனா ஒண்ணு, ஆறு வருஷமா மருந்தத் தொடாதவங்கள நம்பி எப்படிங்க கவுண்டர்ல விடுறது?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் அது அவளைத் தின்றது. பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த சாதிக்கிடம் சொன்னாள்.

"எல்லாம் மறந்து போயிருக்கும் மச்சான். அந்தக் காகிதத்துக்குத்தான் மதிப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஆமா. போன மாசம் பிள்ளைக்கு எழுதுன மருந்து எடைக்கு ஜாஸ்தின்னு டாக்டர்கிட்டயே போயி மல்லுக்கு நின்னது அந்தக் காகிதம்தான்" என்றான் சாதிக். அவள் சிரிக்கவில்லை. தான் உண்மையில் ஒரு மருந்தாளுநர்தானா, இல்லை சட்டம் போட்டு மாட்டிய ஒரு பெயர் மட்டும்தானா? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை. விடுவிப்புக் கடிதம் கேட்கவும் தைரியம் வரவில்லை. மாதம் நாலாயிரமும் போய், வெளியே யாரும் எடுத்துக்கொள்ளாமலும் போனால்?

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு சுயம்புலிங்கத்தின் போன் வந்தது.

"சுமையா, மழை வருது. வெரசா கிளம்பி வாம்மா."

வெளியே வெயில் அப்போதே சுட்டது. "நல்லா நனைஞ்சுட்டு வா" என்றான் சாதிக்.

கடையில் கோட்டை மாட்டிக்கொண்டதும் சுயம்புலிங்கம் வழக்கமான உத்தரவைச் சொன்னார். "இந்தா, இந்த இடத்துல நில்லு. ஆளு வந்தா மாரிசெல்வி பாத்துக்கிடுவா. நீ எதுலயும் கை வைக்காத."

மாரிசெல்வி அந்தக் கடையை உண்மையில் நடத்துகிறவள். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். நாற்பதை நெருங்கும் வயது, பத்தாம் வகுப்பு. எந்த டாக்டரின் கிறுக்கலையும் படிப்பாள், கரண்ட் போனாலும் கை தானாகச் சரியான பெட்டிக்குப் போகும். எந்த மருந்து எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். எந்த மருந்து உடம்பில் போய் என்ன செய்கிறது என்பது தெரியாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அதற்குச் சம்பளமும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை மட்டும் அவள் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு செய்தி வந்தது: தூறல். பன்னிரண்டுக்கு இன்னொன்று: மேகம் நகரவில்லை. அதிகாரி எங்கேயோ ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டார். சுமையா நின்றாள். கால் கடுத்தது.

ஒரு மணி போல, சுந்தரபாண்டியத்திலிருந்து ரத்தினம் என்ற பெரியவர் வந்தார். அறுபத்தெட்டு வயது விவசாயி, மடியிலிருந்து இரண்டு காலி அட்டைகளை எடுத்து வைத்தார். "இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு." மாரிசெல்வி இரண்டையும் ஒரு பார்வை பார்த்து, திரும்பாமலே கையை நீட்டி எடுத்துவந்தாள்.

காலி அட்டைகள் சுமையாவுக்கு முன்னால் கிடந்தன. கை வைக்கக் கூடாதுதான். சின்ன வயதுப் பழக்கம், விரல் தானாகத் திருப்பிவிட்டது. பொடி எழுத்தைப் படித்தாள். இரண்டாவதையும் திருப்பிப் படித்தாள். மறுபடி முதலாவது.

"ஐயா, இது ரெண்டும் யாரு எழுதிக் குடுத்தது?"

"இது இங்க உள்ள டாக்டரு. அது மதுரையில. மக வீட்டுக்குப் போயிருந்தேன், அவதான் பெரிய ஆஸ்பத்திரின்னு இழுத்துட்டுப் போனா."

"ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுதேன்னு மதுரையில சொன்னீங்களா?"

"அதெப்படித் தாயி சொல்ல? ஏற்கெனவே ஒருத்தருகிட்ட பாக்கேன்னு சொன்னா அவரு என்ன நெனைப்பாரு?"

"சரி, இங்க உள்ளவருகிட்ட?"

"இவருகிட்டயா! இருவது வருசமா பாக்காரு. மதுரைக்குப் போயி இன்னொருத்தரப் பாத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா மனுசன் சங்கடப்பட மாட்டாரா?"

இரண்டு டாக்டர்களின் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்ட அந்த மனிதர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தலை சுத்துதாய்யா?"

"உக்காந்து எந்திரிச்சா சுத்துது. வயசாவுதுல்லா."

"காலைக் காட்டுங்க."

வேட்டியைச் சற்றுத் தூக்கினார். கணுக்கால் இருக்கும் இடமே தெரியாமல் வீங்கியிருந்தது. சுமையா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, குனிந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"எம்புட்டு நாளா இப்படி?"

"ஒரு மூணு மாசம் இருக்கும். மதுரைக்குப் போயிட்டு வந்த பொறவுதான். அந்த ஊரு தண்ணி."

"தண்ணி இல்லய்யா. இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி வேற, பேரு வேற. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு நீங்க ரெண்டு மடங்கு சாப்பிட்டுட்டு இருக்கீங்க."

கல்லாவிலிருந்து சுயம்புலிங்கத்தின் குரல் வந்தது. "சுமையா." அதட்டல் இல்லை. எச்சரிக்கை.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்றாள். பெரியவரிடம் உள்ளூர் டாக்டரின் பெயரைக் கேட்டு, கடையில் எழுதி வைத்திருந்த அவருடைய எண்ணுக்குப் போன் போட்டாள். இரண்டு மருந்துகளின் பெயர், அளவு, கால் வீக்கம், தலைச்சுற்றல். வரிசையாகச் சொன்னாள், தடுமாறவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் அளவை மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "இப்பவே அனுப்புங்க. அதுவரைக்கும் எதையும் சாப்பிட வேண்டாம். நீங்க யாரு பேசுறது?" என்றார்.

"ஃபார்மசிஸ்ட் சார்."

ஆறு வருடமாக அந்தச் சொல்லை அவள் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. அதிகாரி வரும் நாட்களில்கூட சுயம்புலிங்கம்தான் சொல்வார்.

"மதுரை விசயத்த அவருகிட்டச் சொல்லிட்டியா தாயி?" என்று ரத்தினம் கவலையோடு கேட்டார்.

"சொல்லிட்டேன்யா."

"கோவிச்சாரா?"

"இல்ல. உடனே வரச் சொன்னாரு. அதுவரைக்கும் ரெண்டையும் சாப்பிட வேண்டாமாம். பெறகு நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. அவரு சொல்லுததக் கேளுங்க."

பெரியவர் காலைப் பற்றிய கவலையில்லாமல், டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையோடு கிளம்பிப் போனார். அந்த டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தியதும், பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் பின்னால் தெரிந்த செய்திகள்.

கடையில் மாரிசெல்வி அசையாமல் நின்றாள். எடுத்துவந்த இரண்டு அட்டைகளும் அவள் கையிலேயே இருந்தன.

"மூணு மாசமா நான்தான் ரெண்டையும் எடுத்துக் குடுத்தேன்." அட்டைகளைக் கவுண்டரில் வைத்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் அட்டைக் கலரப் பாத்துல்லா எடுக்கேன்."

"உங்க தப்பு இல்லக்கா."

"பெறகு யாரு தப்பு?"

"அதப் பாக்க வேண்டியது என் வேலை. நான் வீட்டுல இருந்தேன்."

சொன்ன பிறகுதான் சுமையாவுக்கு அதன் கனம் தெரிந்தது. ஆறு வருடமாகத் தனக்கு மதிப்பில்லை என்று நினைத்திருந்தாள். தான் இல்லாத இடத்தில் ஒரு மனிதரின் கால் வீங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை பேர் சுந்தரபாண்டியத்துக்கும் மகாராஜபுரத்துக்கும் மாத்திரைப் பொட்டலத்தோடு பஸ் ஏறிப் போனார்கள் என்று அவளால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

மதியம் ஆள் வரத்துக் குறைந்தது. சுயம்புலிங்கம் சாப்பிடப் போனார். மாரிசெல்வி முகம் கழுவிவிட்டு வந்து, தன் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து நீட்டினாள். சுமையா வாங்கிக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம வச்சிருந்தேன்" என்றாள் மாரிசெல்வி. "உங்க அத்தா ஒரு நா இங்க வந்தாவ."

சுமையாவின் கை நின்றது. ஜமால் முகமது இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எப்போ?"

"அவிய போறதுக்கு ஒரு வருசம் முன்ன இருக்கும். யாருன்னு எனக்குத் தெரியாது. பத்து எட்டு வைக்க ஒரு மூச்சு, அப்படி வந்து நின்னாவ. அந்தச் சர்ட்டிபிகேட்டக் காட்டி, இந்தப் பிள்ள எப்பம் வரும்னு கேட்டாவ. நான் என்ன கண்டேன்? 'அவிய வரமாட்டாவ பெரியவரே, அது சும்மா மாட்டி வச்சிருக்கது'ன்னுட்டேன்."

"அத்தா என்ன சொன்னாக?"

"அதயே செத்த நேரம் பாத்துக்கிட்டே நின்னாவ. பெறகு, நல்லாப் படிச்ச பிள்ளையாம்மான்னு கேட்டாவ. தெரியலய்யான்னேன். கண்ணாடி தூசியா இருக்கு, தொடைக்கட்டுமான்னு கேட்டு, அந்த ஸ்டூல்ல ஏறினாவ. நான் விழுந்துருவீகன்னு புடிச்சுக்கிட்டேன். துண்டால பூராவும் தொடச்சாவ. குங்குமம் மட்டும் அப்படியே இருந்துச்சு. அதயும் தொடைங்கன்னேன். 'அது அவிய பிரியமா வச்சது, இருக்கட்டும்'னுட்டாவ. பெறகு இருமலுக்கு ஒரு அட்டை மாத்திரை வாங்கினாவ. பில்லுக்குப் பேரு கேட்டேன். ஜமால் முகமதுன்னாவ. அவிய போன பொறவுதான் நிமிந்து மேல பாத்தேன், தகப்பன் பேரு."

சுமையா சோற்றை மூடியிலேயே வைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கடைசி ஒரு வருடம், சாயங்காலப் போனில் அத்தா வேலையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். ஷிஃபா சாப்பிட்டாளா, மாப்பிள்ளை வந்துட்டாரா என்பதோடு வைத்துவிடுவார். மூச்சு முட்டுகிறது, அதனால் பேச்சைக் குறைக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். மகள் தன்னிடம் இன்னொரு முறை பொய் சொல்ல வேண்டிய நிலைமை வரக்கூடாது என்று அவர் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டிருக்கிறார்.

மாரிசெல்வி அவள் முதுகில் கை வைத்தாள். அந்த நேரம் கடைக்கு வந்த ஒருவர், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் அழுவதைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது: மழை வத்திராயிருப்புப் பக்கம் போய்விட்டது. சுயம்புலிங்கம் நிம்மதியாக இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "பஸ்சுக்கு வச்சுக்கம்மா. கோட்ட மடிச்சு வச்சிரு."

"அண்ணாச்சி, நான் வேலைக்கு வாரேன்."

"எங்க?"

"இங்க. ஒண்ணாந் தேதியிலேருந்து."

அவருக்குப் புரியவில்லை. "உன் சர்ட்டிபிகேட்தான் வந்துக்கிட்டு இருக்கே."

"அது தனியா வராது அண்ணாச்சி. வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்ல, நான் விலகிட்டேன்னு ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டு அத வாங்கிக்கிடுவேன். சம்பளம் எம்புட்டுன்னு விசாரிச்சுட்டு போன்ல சொல்லுதேன்."

"காலையில நல்லாத்தான வந்த? ஒரு கிழவனுக்கு மாத்திரை பாத்துச் சொன்னதுல இப்படி ஆயிருச்சா?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள்.

அன்றும் மறுநாளும் அவள் கூடப் படித்தவர்களுக்குப் போன் போட்டாள். சிவகாசியில் ஒருத்தி, தென்காசியில் ஒருத்தி, விருதுநகரில் ஒருவன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் மூன்று பேருமே தயங்கினார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் சாதி கேட்பார்கள், குழந்தை ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேர் சம்பளத்தைச் சொல்லிக்கொள்வது மட்டும் அநாகரிகம். இந்த நாகரிகத்தால் லாபம் அடைகிறவர்கள் முதலாளிகள் மட்டுமே. சுமையா முதலில் தன் நாலாயிரத்தைச் சொன்னாள், வாடகை என்பதையும் சொன்னாள். அதன் பிறகு மூவரும் சொன்னார்கள். விருதுநகர்க்காரன் மற்றவர்களைவிடத் தான் குறைவாக வாங்குவதை அன்றுதான் அறிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுயம்புலிங்கம் போன் செய்தார். சுமையாவுக்கு அல்ல, சாதிக்குக்கு.

"தம்பி, நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். வாடகைய ஆறாயிரமாக்கித் தாரேன். வீட்டுல இருந்த பிள்ளைய எதுக்கு வெயில்ல அலைய விடணும்? ஆம்பிளைக்கு ஆம்பிளை பேசி முடிச்சுக்கிடுவோம்."

சாதிக் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பட்டறை வருமானம் அப்போது மந்தம். ஆறாயிரம் என்றதும் அவன் கண் ஒரு தடவை சுமையாவின் முகத்துக்குப் போனது.

"அண்ணாச்சி, சர்ட்டிபிகேட்ல எம் பேரு இல்லயே" என்றான் சாதிக். "பேரு உள்ளவ பக்கத்துல இருக்கா, தாரேன்."

சுமையா வாங்கினாள். குரலில் பயம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"பதினஞ்சாயிரம் அண்ணாச்சி. காலையில ஒம்பதரைக்கு வாரேன், சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்புவேன். அந்த நேரத்துல என் கண்ணுல படாம மாத்திரை வெளிய போவக்கூடாது. மாரிசெல்வி அக்காவ நிறுத்தக்கூடாது, சம்பளத்தையும் குறைக்கக்கூடாது. உக்கார ஆளுக்கு ஒரு நாற்காலி வேணும்."

"நாற்காலியா! கடைக்காரிக உக்காந்தா வியாபாரம் உக்காந்துரும்மா."

"கால் வீங்குனா அதுக்கும் மாத்திரை நம்ம கடையிலதான் வாங்கணும்."

பக்கத்தில் சாதிக் வாயைப் பொத்திக்கொண்டான். சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார்.

யோசித்தார். வேறு சான்றிதழ் தேடினார். ஒரு இடத்தில் எட்டாயிரம் வாடகை கேட்டார்கள். இன்னொரு இடத்தில் ஒரே சான்றிதழை ஏற்கெனவே இரண்டு கடைகளுக்கு விட்டிருந்தார்கள். இதற்கிடையில் ரத்தினம் கடைக்கு வந்து, "அந்தப் பிள்ள எங்கய்யா, எங்க ஊர்ல நாலு பேரு அட்டையத் தூக்கிட்டு வர இருக்காவ" என்று கேட்டுவிட்டுப் போனார். சுயம்புலிங்கம் கொடியவர் அல்ல. கடன் வாங்கிக் கடை வைத்தவர், தப்பை எல்லோரும் செய்வதால் அது தப்பில்லை என்று நம்பியவர். மாதத்தின் இருபத்தெட்டாம் தேதி போன் செய்தார். பதிமூன்று என்று ஆரம்பித்தார். சுமையா பதினைந்து என்றாள். பேச்சு வேறு எதற்கும் போகவில்லை. பதினைந்தில் நின்றது.

ஒன்றாம் தேதி அவள் வேலைக்குப் போனாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. காலையில் ஒருவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டார், கொடுக்கவில்லை. இன்னொருவர் தன் அண்ணனுக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கைத் தனக்கும் அதே காய்ச்சல்தான் என்று கேட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவர் மாரிசெல்வியிடம் திரும்பி, "நீ எடுத்துக் குடு தாயி, இவ்வளவு நாளும் நீதான குடுத்த" என்றார். "இவ்வளவு நாளும் தெரியாமக் குடுத்தேன்" என்றாள் மாரிசெல்வி. மதியத்துக்கு மேல் கருக்கலைப்பு மாத்திரை கேட்டு ஒரு ஆள் ரகசியக் குரலில் வந்தான். சுமையா அவனிடம், அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, தனியாகச் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பத்து நிமிடம் பேசினாள். அவன் எதிர்க்கடைப் பக்கம் பார்த்தான். பிறகு எந்த வார்டு என்று கேட்டுக்கொண்டு போனான்.

ஆறரை மணிக்கு அவள் கைப்பையை எடுத்தபோது சுயம்புலிங்கம் கல்லாவில் இருந்தபடியே சொன்னார்.

"இன்னைக்கு மட்டும் மூணு வியாபாரம் போச்சு."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் சுமையா. "நாளைக்கும் போவும்."